லாஸ் வேகாஸின் இரண்டு கணக்குகள்

ஆண்டுக்கு நான்கு அங்குல மழைதான் பெய்யும் மொகாவி பாலைவனத்தில் இத்தனை லட்சம் பேர் குடியிருக்கலாமா? லாஸ் வேகாஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. நகரம் அமைந்திருக்கும் கிளார்க் கவுண்டியில் 1950இல் வாழ்ந்தவர்கள் சுமார் 48,000 பேர். 1990இல் அது 7.4 லட்சம், 2020 கணக்கெடுப்பில் 22.65 லட்சம். எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 47 மடங்கு. இந்த வளர்ச்சியைக் கண்டு மலைப்பவர்கள் தண்ணீரைக் காட்டி நகரத்துக்கு நாள் குறிக்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், நகரம் நன்றாகச் செய்த காரியம் தண்ணீர்தான். குறை இருப்பது நிலத்தைப் பங்கிட்ட விதத்தில்.

முதலில் தண்ணீர். கொலராடோ ஆற்றிலிருந்து, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது சுமார் 13 டி.எம்.சி. அதே ஆற்றில் கலிஃபோர்னியாவின் பங்கு சுமார் 190 டி.எம்.சி. 1928ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பங்கீட்டை வகுத்தபோது லாஸ் வேகாஸில் சில ஆயிரம் பேரே இருந்தார்கள். அந்தச் சிறிய பங்கை வைத்துக்கொண்டு 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்வது எப்படி? வீட்டுக்குள் குளிக்கவும் துவைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படும் தண்ணீர் ஏறத்தாழ முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, ஆற்றை ஹூவர் அணை தேக்கும் மீட் ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பிய அளவுக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உள்ளே திறந்த குழாயால் நட்டம் இல்லை. வெளியே செடிக்கும் புல்லுக்கும் பாய்ச்சுவதும் குளிர்விக்கும் சாதனங்களில் ஆவியாவதுமே திரும்பாத செலவு.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, 1991இல் உருவான தெற்கு நெவாடா நீர் ஆணையம் புல்லின் மீது கை வைத்தது. புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது; இதுவரை பெயர்க்கப்பட்டது 20 கோடி சதுர அடிக்கு மேல். 2003 முதல் புதிய வீடுகளின் முன்புறத்தில் புல்வெளிக்குத் தடை வந்தது. தனிவீடுகள் தவிர்த்த இடங்களில், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பின் ஆற்றுநீர் கிடையாது என்று 2021இல் மாநிலச் சட்டமே வந்தது. புதிய வீட்டு நீச்சல் குளத்துக்கு 600 சதுர அடி உச்சவரம்பு 2022இல் வந்தது. ஆணையத்தைத் தொடக்க காலத்தில் நெடுநாள் நடத்திய பாட் மல்ராயின் பிடிவாதத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2002உடன் ஒப்பிட்டால், தலைக்குச் செலவாகும் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஹூவர் அணையிலிருந்து கீழே தண்ணீர் விட முடியாத அளவுக்கு ஏரி வற்றினாலும் நகரத்துக்கு இறைத்துத் தரும் நீரேற்று நிலையமும் 2022இல் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆறே வற்றினால் என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆனால் அது லாஸ் ஏஞ்சலிஸும் ஃபீனிக்ஸும் ஆற்றின் பெரும்பகுதியைக் குடிக்கும் வயல்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இனி நிலம். நகரம் அமைந்த பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம். 1998இல் வந்த சட்டம், நகரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் இருக்கும் அரசு நிலத்தை ஏலத்தில் விற்க வழி செய்தது. வரும் பணத்தில் 5 விழுக்காடு மாநிலக் கல்வி நிதிக்கு, 10 விழுக்காடு நீர் ஆணையத்துக்கு, மீதி 85 விழுக்காடு பூங்கா, நடைபாதை, இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு. இதன் நல்ல பக்கத்தை மறைப்பது நியாயமாகாது. கோடு இருந்ததால் நகரம் கண்ட திசையில் சிதறவில்லை; விற்பனைப் பணம் மக்களுக்கே பூங்காவாகத் திரும்பியது. ஆனால் ஏலத்தில் பெரிய மனைகளை வாங்கும் வசதி பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கே உண்டு. அவை கட்டுவதோ ஒரே அச்சில் வார்த்த தனிவீடுகள். குறைந்த வருவாய்க்காரர்களின் வீடுகளுக்கு மலிவாக நிலம் தரலாம் என்ற பிரிவு 1998 சட்டத்திலேயே இருந்தது. கால் நூற்றாண்டில் அதன்படி கைமாறியவை மிகச் சில துண்டுகளே. ஏக்கர் 100 டாலருக்குத் தரலாம் என்ற தெளிவான விதி 2023இல்தான் வந்தது.

இத்தகைய தனிவீட்டுக் குடியிருப்புகளில் சிறந்தது, 1998 சட்டத்துக்கு முன்பே தொடங்கிய சம்மர்லின். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 1950களின் தொடக்கத்தில் வாங்கிப் போட்ட நிலத்தில் 1990 முதல் எழுந்த குடியிருப்பு அது. இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பள்ளிகளும் நூலகமும் நிழல் மரங்களும் நீண்ட நடைபாதைகளும் உண்டு. வீடு விற்ற கையோடு ஓடிப்போகும் மனைத் தரகர்களின் வேலை அல்ல இது. ஆனாலும் பெருஞ்சாலையில் நின்று பாருங்கள். ஆறு வழிச் சாலை. இருபுறமும் மணல் நிறத்தில் ஆள் உயர மதில். அரை மைலுக்கு ஒரு வாயில். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் கடை, நடுவே நிழலற்ற தார். பால் வாங்கக் கார் எடுக்க வேண்டும். மதிலுக்குள் ஆட்சி செய்வது வீட்டு உரிமையாளர் சங்கம். வாசல் நிறத்திலிருந்து குப்பைத் தொட்டியை எப்போது உள்ளே எடுப்பது என்பதுவரை அதன் விதி. இந்தச் சங்கங்களின் அதிகாரம் எவ்வளவு என்பதை நெவாடா உச்ச நீதிமன்றம் 2014இல் காட்டியது: சங்கச் சந்தா பாக்கிக்காக முறைப்படி ஏலம் விடப்பட்டால், வீட்டின் மீது வங்கிக்கு இருந்த முதல் அடமான உரிமையே அழிந்துபோகும் என்றது தீர்ப்பு. இவ்வளவு வலிமை, வாக்காளர்கள் எட்டிப் பார்க்காத ஒரு கூட்டத்துக்கு!

விலையின் கதையும் இதே முறையிலிருந்து பிரிக்க முடியாதது. 2006 உச்சத்திலிருந்து 2012க்குள் வீட்டு விலை 60 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. தெருத் தெருவாக வீடுகளை வங்கிகள் பறிமுதல் செய்தன. காரணம் நாடு தழுவிய கடன் கூத்து என்பது உண்மையே. ஆனால் வீடு கட்டுவதையே பெருந்தொழிலாக வைத்திருந்த ஊர் மற்ற ஊர்களைவிட ஆழமாக விழுந்தது. 2012 தொடக்கத்தில் 1.2 லட்சம் டாலருக்கும் கீழே இருந்த தனிவீட்டின் இடைநிலை விலை, 2025 தொடக்கத்தில் 4.8 லட்சத்தைத் தாண்டியது. ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர் சம்பளத்தில் வீடு வாங்கலாம் என்பதுதான் இந்த நகரம் தந்த பெரிய வாக்குறுதி. அது இன்று கலிஃபோர்னியாவில் வீட்டை விற்றுவிட்டு வருபவருக்கே பொருந்துகிறது.

யார் எங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வடக்கு லாஸ் வேகாஸில் 1960களில் கறுப்பினக் குடும்பங்களுக்காக 200க்கு மேற்பட்ட வீடுகளுடன் எழுந்தது வின்ட்சர் பார்க். பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் பூமி தாழ்ந்தது. நிலப்பிளவுகளின் மேல் நின்ற வீடுகளில் சுவர் வெடித்தது, தரை சாய்ந்தது, குழாய்கள் உடைந்தன. சிலர் வெளியேறினார்கள்; மற்றவர்கள் காலி மனைகளுக்கு நடுவே தங்கிப்போனார்கள். அவர்களுக்கு மாற்று வீடு கட்ட மாநிலம் சட்டம் இயற்றிய ஆண்டு 2023. அந்த இடைவெளியில் பள்ளத்தாக்கின் மேற்கிலும் தெற்கிலும் முழு நகரங்களே எழுந்துவிட்டன.

வெயிலும் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. 2024 ஜூலை 7 அன்று வெப்பம் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது; அந்த ஆண்டு கவுண்டியில் வெப்பம் தொடர்பான இறப்புகள் 500க்கு மேல். பழைய கிழக்குப் பகுதியில் மரம் குறைவு, தார் அதிகம், பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான் அதிகம். புல்லைப் பெயர்க்கும்போது அதே ஈரத்தில் வளர்ந்த மரம் பட்டுப்போகிற ஆபத்தும் உண்டு. தண்ணீர் மிச்சம், நிழல் நட்டம். மரத்துக்குத் தனிச் சொட்டுநீர்க் குழாய் போட்டால்தான் இரண்டும் தேறும்.

மக்கள் விரும்பித்தானே வருகிறார்கள், பிறகென்ன குறை என்று கேட்கலாம். வருவது அவர்களது விருப்பம்தான். ஆனால் கடைக்கு நடந்து போகும் தெருவும் நடுத்தர விலையில் அடுக்குமாடியும் பரவலாகக் கட்டப்படாதபோது, மதில் சூழ்ந்த தனிவீட்டை மக்களின் தேர்வு என்று சொல்ல முடியாது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பதே சரி.

இப்போது தெற்கே கலிஃபோர்னியா எல்லையை நோக்கி இன்னும் சுமார் 25,000 ஏக்கரைத் திறக்கும் மசோதா 2021 முதல் வாஷிங்டனில் பேசப்படுகிறது. என் தீர்ப்பு இது: தண்ணீரைக் காரணம் காட்டி அதை எதிர்ப்பது பலவீனமான வாதம், பழைய முறையிலேயே விற்றுத் தீர்ப்பதை எதிர்ப்பதே வலுவான வாதம். விற்கும் ஒவ்வொரு மனையிலும் தொழிலாளர் வாங்கக்கூடிய வீட்டுக்கு ஒரு பங்கு, மதிலில்லாத தெரு, நிழல் மரம், பேருந்து ஆகியவை ஏல நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். புல்லுக்கு விதி எழுதி அதை நிறைவேற்றிக் காட்டிய நகரத்துக்கு இது முடியாத காரியம் அல்ல. அதுவரை அந்த 25,000 ஏக்கர் பாலைவனமாகவே இருக்கட்டும்.