உழைப்பில் தேய்ந்த கித்தார்

பழைய இசைக்கருவிகளைப் பற்றிப் பேசும்பொழுது நம் உள்ளம் பெரும்பாலும் வயலினை நோக்கியே செல்கின்றது. இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்திராதிவாரி செய்த வயலின்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகளைக் கடந்த பின்னும் மேடைகளில் ஒலிக்கின்றன. கித்தாருக்கு அத்தகைய நற்பேறு வாய்ப்பது அரிது. அதன் மேற்பலகை பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பு உடையதன்று. அம்மெல்லிய பலகையை ஆறு தந்திகளும் இரவும் பகலும் ஓயாது இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நைலான் தந்திகள் பூட்டிய கித்தாரிலேயே அவ்விழுவிசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடாகும். பலகை தடித்தால் ஒலி மங்கும்; மெலிந்தால் பலகை நிலைக்காது. ஆகவே நல்ல கித்தார் ஒன்று, தன் இனிய ஒலிக்குக் காரணமான அதே மென்மையினாலேயே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தளர்ந்து வருகின்றது.

இத்தகைய கருவி ஒன்றை ஒரு கலைஞர் முப்பது ஆண்டுகள், ஐம்பது ஆண்டுகள் தம்முடன் வைத்திருந்தார் என்று கேள்வியுறுகின்றோம். உடனே அதன் வயதை வியக்கின்றோம். அதன் விலையை மதிப்பிடுகின்றோம். ஆயின் 'வைத்திருத்தல்' என்னும் சொல்லுக்கு ஈண்டு என்ன பொருள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டியில் பூட்டிக் காப்பதா, பயன்படுத்தித் தேய்ப்பதா? தேய்ந்த பின் செப்பனிடுவதா, விட்டு விலகுவதா? மூன்று கலைஞர்களின் கித்தார்களைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

முதலாவது, அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கித்தார். 1933இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த இவர், 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற மரபிசையில் பெரும்புகழ் பெற்றவர். 1969இல் இவர் வாசித்து வந்த பால்ட்வின் கித்தாரைக் குடிபோதையில் இருந்த ஒருவர் மிதித்து உடைத்துவிட்டார். அது நாஷ்வில் நகரில் ஷாட் ஜாக்சன் என்னும் கைவினைஞரிடம் செப்பனிட அனுப்பப்பட்டது. இனி அதனைச் சரிசெய்ய இயலாது எனக் கூறிய ஜாக்சன், தம்மிடம் இருந்த 'மார்ட்டின் என்-20' வகைக் கித்தாரைப் பரிந்துரைத்தார். விலை 750 டாலர். நெல்சன் அதனைக் கண்ணால் காணாமலே வாங்கினார். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் 'பிக்கப்' என்னும் சிறு கருவி, உடைந்த கித்தாரிலிருந்து கழற்றப்பட்டுப் புதியதில் பொருத்தப்பட்டது. திரைப்பட நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரைக்கு வழங்கிய 'ட்ரிகர்' என்னும் பெயரையே நெல்சன் அதற்குச் சூட்டினார்.

அதனைச் செய்த மார்ட்டின் பட்டறை, பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத்து என்னும் ஊரில் உள்ளது. மொராவியக் கிறிஸ்தவர்கள் குடியேறி, விவிலிய நினைவாகப் பெயரிட்ட ஊர் அது. தச்சுப் பட்டறைக்கு வேறெந்த ஊர்ப் பெயர் இத்துணைப் பொருத்தமாக அமையும்?

என்-20 விரலால் மீட்டுவதற்கென அமைந்த கித்தார். ஆதலின் மேற்பலகையைக் காக்கும் தகடு அதில் இல்லை. நெல்சனோ விரலோடு வில்லையும் கொண்டு அழுத்தமாக மீட்டும் பழக்கம் உடையவர். ஆண்டுக்கணக்கில் உராய்ந்த இடம் தேய்ந்து, ஒலித்துளையின் அருகே மற்றொரு துளையே விழுந்துவிட்டது. நண்பர்களும் சக கலைஞர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன்மேல் கையொப்பம் இட்டுள்ளனர்.

இதன் ஒலி அழகானதா? செவ்வியல் கித்தாருக்குரிய அளவுகோலால் நோக்கின் இல்லையென்றே கூறுதல் வேண்டும். சுரங்கள் சமநிலையில் ஒலிப்பதில்லை. சில இடங்களில் மரத்தைத் தட்டும் ஓசையும் கலந்து கேட்கின்றது. எனினும் 1975இல் வெளிவந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' இசைத்தட்டைச் செவிமடுப்போர் இதன் தனித்தன்மையை உணர்வர். நம்பிக்கைத் துரோகம் செய்த மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு, அமைதியின்றி அலையும் ஒரு போதகரின் கதை அது. அத்தட்டில் இசைக்கருவிகள் மிகக் குறைவு. வெளியீட்டு நிறுவனத்தாரே அதனை முடிவுபெறாத மாதிரிப் பதிவோ என ஐயுற்றனர். ஆனால் அது இலட்சக்கணக்கில் விற்றது.

காரணம் யாது? நைலான் தந்தியில் எழும் சுரம் நெடுநேரம் நீடிப்பதில்லை. பிறந்த சிறுபொழுதிலேயே அடங்கிவிடும். எஃகுத் தந்திகளே பெருவழக்காக உள்ள கன்ட்ரி இசையில் இது ஒரு குறையென்றே கொள்ளத்தக்கது. நெல்சன் அக்குறையை மறைக்க முயலவில்லை. சுரம் அடங்கிய பின் எழும் வெற்றிடத்தில் தம் குரலை, தாளத்திற்குச் சற்றுப் பிந்தியே, மெல்ல இட்டு நிரப்புகின்றார். குற்றவுணர்வோடு அலையும் மனிதனின் தனிமை அவ்வெற்றிடத்தில் கேட்கின்றது. கருவியின் எல்லையைப் பாடகர் ஏற்றுக்கொண்டதனால் பிறந்த பாணி இது. வேறு கித்தாரோடு அவர் இப்பாணியை அடைந்திருப்பாரா என்பது ஐயமே. நீண்டகாலம் ஒன்றையே வைத்திருப்பதன் முதற்பயன் இதுவென்று நமக்குத் தோன்றுகின்றது: கருவியைத் தனக்கேற்ப வளைப்பவன், தானும் அதற்கேற்ப வளைகின்றான்.

இரண்டாவது பயன், செப்பனிடுதலில் விளங்குகின்றது. 1977 முதல் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த கருவித் தச்சர் மார்க் எர்ல்வைன் இக்கித்தாரைப் பேணி வந்துள்ளார். மேற்பலகையின் உட்புறத்தை வலுப்படுத்துவதும் மெருகிட்டுக் காப்பதும் அவர் பணி. மேற்பலகையையே மாற்றிப் புதுமெருகு ஏற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை, துளை துளையாகவே உள்ளது. நாளைய கச்சேரியில் இது ஒலிக்க வேண்டும் என்பதே அச்செப்பனிடுதலின் நோக்கம். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் நெல்சன் அதனையே ஏந்தி மேடை ஏறினார். அவ்வயதின் வாசிப்பில் விரல்கள் தடுமாறும் இடங்கள் உண்டு என்பதையும் திறனாய்வு நேர்மையோடு கூறுதல் வேண்டும்.

இக்கித்தாரின் வரலாற்றில் நம்மைத் தயங்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வாங்கிய மறு ஆண்டு, 1970இல், தீப்பற்றிய தம் வீட்டிலிருந்து நெல்சன் இதனை மீட்டார். அதனைப் போற்றுவதில் தடையில்லை. ஆனால் 1990இல் வரிப்பாக்கிக்காக அரசு அவருடைய உடைமைகளைக் கைப்பற்றியபொழுது, அதிகாரிகள் வருமுன்னரே இக்கித்தார் அகற்றப்பட்டு, மகள் வாயிலாக ஹவாய்த் தீவில் இருந்த அவரிடம் சேர்ந்தது. கடன் பட்டவர் உடைமையை ஒளித்தல் நேர்மையாகுமா? ஆகாது என்பதே நேர்விடை. எனினும், திரிகைக் கல்லை அடகாகப் பெறலாகாது என்று விதிக்கும் இணைச் சட்ட நூலின் உள்ளக்கிடக்கையும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. ஒருவன் மாவரைத்து உண்ணும் கருவியைப் பறித்தல் அவன் வாழ்வையே பறித்தலாகும் என்பது அவ்விதியின் கருத்து. நிலமும் ஒலிப்பதிவுக் கூடமும் கைவிட்டுப் போக, உழைத்து வாழும் கருவியை மட்டும் அவர் தம்மிடம் வைத்துக்கொண்டார். அக்கடன் 1993இல் தீர்க்கப்பட்டது. செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அவர் எதனைத் தம் செல்வமாகக் கருதினார் என்பது அதில் தெரிகின்றது.

அங்ஙனமாயின் கருவியை விட்டு விலகிய கலைஞர் குறைந்தவரா? இக்கேள்விக்கு ஸ்பெயின் நாட்டு மேதை ஆந்திரெஸ் செகோவியா (1893–1987) விடையாக நிற்கின்றார். மத்ரித் நகரில் மனுவேல் ராமிரெஸ் பட்டறையில் 1912இல் செய்யப்பட்ட கித்தாரோடு அவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உலகை வலம் வந்தார். 1924இல் மியூனிக்கில் ஜெர்மானியத் தச்சர் ஹெர்மன் ஹவுசர் அக்கித்தாரை ஆராய்ந்து பார்த்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1937இல், ஹவுசரின் கித்தார் ஒன்று செகோவியாவின் மனத்திற்கு உகந்ததாய் அமைந்தது. அதன்பின் 1962 வரை அதுவே அவருடைய மேடைக் கருவியாயிற்று. பின்னர் அதனையும் விட்டு வேறு கித்தார்களை நாடினார்.

இதனை உறுதியின்மை என்று கொள்ளுதல் தவறாகும். ஒலிபெருக்கியின் துணையின்றிப் பேரரங்கின் கடைசி வரிசை வரை ஒவ்வொரு சுரமும் தெளிவாகச் சென்றடைய வேண்டுவது செகோவியாவின் கலை. நெல்சனின் கித்தார் தளர்ந்தால் மின்கருவி அதனைத் தாங்கிக்கொள்ளும். செகோவியாவின் கித்தாருக்கு அத்துணை இல்லை. எனவே விலக வேண்டிய வேளையில் அவர் விலகினார். அவ்விரு கித்தார்களும் 1986இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டன. மூத்த கருவியை ஆராய்ந்ததன் பயன் இளைய கருவியில் விளைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. வைத்திருத்தல் ஒரு நோன்பன்று. அது இசைக்குச் செய்யும் பணி. இசை கேட்கும் வரையே அதற்குப் பொருள் உண்டு.

மூன்றாவது, அயர்லாந்து நாட்டு ரோரி கேலகரின் மின்கித்தார். கார்க் நகரில் வளர்ந்த இவர், 1963இல், பதினைந்து வயதில், குரோலி என்பாரின் கடையில் ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை 100 பவுண்டுக்கு வாங்கினார். அது 1961இல் செய்யப்பட்டது. ஒரு சிறுவனுக்கு அது பெருந்தொகை. 1995இல் இறக்கும்வரை அதுவே அவருடைய முதன்மைக் கருவி. மேடையில் ஓயாது வியர்வை சிந்தி வாசித்ததனால் வண்ணப்பூச்சில் பெரும்பகுதி உரிந்து, வெறும் மரமே வெளியே தெரியலாயிற்று.

கேலகர் மறைந்த அதே 1995இல், ஃபெண்டர் நிறுவனம் 'ரெலிக்' என்னும் பெயரில் ஒருவகைக் கித்தாரை அறிமுகம் செய்தது. ஆங்கிலத்தில் அச்சொல், புனிதர்களின் திருப்பண்டத்தைக் குறிப்பது. புத்தம் புதிய கித்தாரில் பட்டறையிலேயே பூச்சைச் சுரண்டி, உலோகத்தை மங்கச் செய்து, பல்லாண்டு உழைத்தது போன்ற தோற்றம் தருவதே அதன் சிறப்பு. பின்னர் கேலகருடைய கித்தாரின் தேய்வைப் பார்த்துச் செய்த படிகளும் விற்பனைக்கு வந்தன.

இதற்கு ஆதரவாகக் கூறப்படுவனவற்றையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். தேய்ந்த கழுத்துப் பகுதி கைக்கு இதமாக உள்ளது. மெல்லிய பூச்சு மரத்தை நன்கு அதிரவிடுகின்றது. பழங்கருவியை வாங்க இயலாதோர்க்கு அதன் சாயலேனும் கிட்டுகின்றது என்பர். கைக்கு இதமாதல் பயன்பாடு, அதில் குறையில்லை. ஆனால் மேற்புறத்துத் தேய்வைச் சற்று உற்று நோக்குவோம். ஒவ்வொரு கலைஞரின் முன்கையும் மரத்தில் வெவ்வேறு இடத்தில் உராய்கின்றது. கேலகரின் கை தேய்த்த இடம் அவர் உடலுக்கும் வாசிப்புக்கும் உரியது. அதே இடத்தில் சுரண்டிய கித்தாரை ஏந்தும் இளைஞனின் கை வேறோர் இடத்தில் படிகின்றது. முப்பத்திரண்டு ஆண்டு வியர்வையின் பயனாக வந்த அடையாளத்தை, ஒரு நாள் வியர்வையும் சிந்தாமல் அவன் அணிந்துகொள்கின்றான். பிறர் பட்ட பாட்டின் வடு அவனுக்கு ஆடையணி ஆகிவிடுகின்றது. நம் காலத்தின் பெருங்குறை ஒன்று இதில் வெளிப்படுகின்றது: நீண்ட உழைப்பின் விளைவை விரும்புகின்றோம், நீண்ட உழைப்பை விரும்புவதில்லை. மணவாழ்விலும் நட்பிலும் கல்வியிலும் இதே மனப்பான்மையைக் காண்கின்றோம் அல்லவா?

எனினும் அவ்விளைஞனை நாம் முற்றாகக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. அவன் அதனை உண்மையாகவே முப்பது ஆண்டுகள் வாசிப்பானாயின், அவனுடைய கை படிந்த இடமும் தேயும். விலைக்கு வாங்கிய வடுவின் அருகே அவனுக்கே உரிய வடுவும் தோன்றும். கவனித்துப் பார்ப்பவர்க்கு இரண்டிற்கும் உள்ள வேற்றுமை அன்று புலப்படும்.

2024 அக்டோபரில் கேலகரின் கித்தார் இலண்டனில் ஏறத்தாழ 9 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. வாங்கியோர் அதனை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்திற்கே கொடையாக அறிவித்தனர். செல்வர் ஒருவரின் தனியறைக்குப் போகாமல் மக்கள் காணும் இடத்தை அது அடைந்தது மகிழ்ச்சியே. ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் அதன் தேய்வு வளரப் போவதில்லை. உரிந்த அம்மரத்தின்முன் நிற்போர், அதன் விலையை மறந்து கேலகரின் ஒலிப்பதிவு ஒன்றையேனும் கேட்டுவிட்டு நிற்பார்களாக. அத்தேய்வு எதற்காக நேர்ந்தது என்பது அப்பொழுது அவர்களுக்கு விளங்கும்.