டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் காப்பிப்பொடியைப் போட்டு, குடைத்தட்டால் மெல்ல அழுத்துகிறேன். தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிடம் பொறுத்து ஊற்ற வேண்டும். 92 முதல் 96 டிகிரிதான் காப்பிக்கு உகந்த சூடு. ஆறிய தண்ணீர் ஊற்றினால் சாரம் இறங்காது; சப்பென்று புளிக்கும். பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருப்பு.

டிகாக்‌ஷனை மட்டும் அடுப்பில் ஏற்றக் கூடாது. கொதித்தால் மணம் போய்விடும், கசப்புத் தூக்கும். சூடெல்லாம் அப்போதுதான் பொங்கிய பாலிலிருந்தே வர வேண்டும். டபராவுக்கும் டம்ளருக்குமாக நாலு தடவை ஆற்றினால் நுரை எழும். நாக்கு தாங்கும் பதத்துக்குச் சூடு தணியும். டம்ளர் விளிம்பு விரலைச் சுடும்போதே முதல் வாய் குடித்துவிட வேண்டும். அந்த ஒரு வாய்க்காகத்தான் இத்தனை நிதானமும்.