நாற்காலியில் தொடங்கும் குறி

மாற்றுத்திறனாளிகளுக்கான துப்பாக்கி சுடுதல் 1976 டொராண்டோ பாராலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. ஆயுதத்தின் எடையைத் தாமே தாங்கக்கூடியவர்கள் எஸ்எச்1 பிரிவினர். தாங்க இயலாதவர்கள் எஸ்எச்2. பிஸ்டல் முதல் பிரிவுக்கு மட்டுமே உரியது. இரண்டாம் பிரிவினரின் ரைஃபிள் ஸ்பிரிங் பொருத்திய தாங்கியின்மேல் நிற்கும். இதைச் சலுகை என்று நினைப்பவர்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் எடையைத்தான் வாங்கிக்கொள்ளும், ஆட்டத்தை நிறுத்தாது. மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் குழல் முனையும் கூடவே அசையும். அதை அடக்குவது சுடுபவரின் வேலை. பார்வையற்றோருக்கான பிரிவில் குறி காதுக்கு வருகிறது: குழல் மையத்தை நெருங்க நெருங்க ஒலியின் சுருதி உயரும்.

புதிதாக வருபவர் பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றித்தான் முதலில் கேட்பார். நல்ல பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து தொடங்குவார். சக்கரங்கள் பூட்டியிருக்கின்றனவா, இருக்கை இடுப்பை ஒரே நிலையில் பிடிக்கிறதா, பாதங்கள் எங்கே ஊன்றுகின்றன என்பதையெல்லாம் சரிபார்த்த பிறகே ரைஃபிள் கைக்கு வரும். முதுகுச் சாய்வு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பது, உடற்பகுதியைக் கட்டுப்படுத்தும் திறனைப் பொறுத்து வகைப்பாட்டில் முடிவாகிறது. ‘நின்று சுடும்’ போட்டியை நாற்காலியில் அமர்ந்தும் ஆடலாம். ஆனால் எஸ்எச்1 வீரர் முழங்கையை மேசையில் ஊன்றக்கூடாது. ‘படுத்துச் சுடும்’ போட்டியில் இரு முழங்கைகளும் மேசையில் பதிந்திருக்கும்.

அடுத்தது குண்டில்லாப் பயிற்சி. வெறும் துப்பாக்கியை ஏந்தி, குறி பார்த்து, விசையை அழுத்துவது. வெளியிலிருந்து பார்க்கச் சலிப்பூட்டும். இந்தக் கலையின் சுவை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. குறி பார்க்கும் பின்நோக்கியின் துளைவழியே முன்வளையம் தெரியும், அதற்குள் கரும்புள்ளி மிதக்கும். பாதி மூச்சு வெளியேறியதும் மிதப்பு தணியும். அந்தச் சில நொடிகளில் விரலின் நுனி மட்டும் நகர வேண்டும். தோளும் கன்னமும் அதை அறியவே கூடாது. விசை விழுந்த பின்னும் அப்படியே நிலைத்திருக்க வேண்டும். அவசரமாகத் தலையைத் தூக்க நினைத்தால், அந்த எண்ணமே குண்டை முன்கூட்டி இழுத்துவிடும்.

இந்த நுட்பம் ஏன் தேவை என்பதை அளவுகள் சொல்லும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; பத்துப் புள்ளிக்குரிய வெண்பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. ஜெய்ப்பூரின் அவனி லெகரா பதினொரு வயதில் கார் விபத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். எஸ்எச்1 பிரிவில் டோக்கியோவில் 249.6, 2024 பாரிஸில் 249.7 எடுத்து இருமுறை தங்கம் வென்றார். இறுதிச்சுற்றில் 24 குண்டுகள். ஒன்றுக்கு அதிகபட்சம் 10.9. அவருடைய சராசரி 10.4. பதக்க நெருக்கடியிலும் குண்டுகள் சராசரியாக மையத்திலிருந்து சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் விழுந்த கணக்கு அது! இதைவிட நேர்த்தியான உடலடக்கத்தை வேறெந்த விளையாட்டிலும் காண்பது அரிது.

தொடக்கக்காரர் அந்தப் புள்ளிகளைத் துரத்த வேண்டியதில்லை. பத்தில் விழும் ஒற்றைக் குண்டைவிட, ஏழில் நெருங்கி விழும் ஐந்து குண்டுகளே நல்ல அறிகுறி. கூட்டம் இறுகியிருந்தால், பின்நோக்கியின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பி அதை அப்படியே மையத்துக்கு நகர்த்திவிடலாம். சிதறியிருந்தால் மறுபடியும் நாற்காலியைத்தான் சோதிக்க வேண்டும்.