வன்னித் துணியில் எந்தப் பூ?

வன்னியில் கைப்பூவேலை தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் தையல் நிலையங்களில் பழகியவர்கள் சங்கிலித் தையலைப் பிசிறில்லாமல் போடுவார்கள். குறை மாதிரியில்தான். ஆண்டிறுதிக் கண்காட்சியில் விரியும் ரோஜாவும் அன்னமும் எந்த ஊர் மேசையிலும் விரியக்கூடியவை. முதிரையும் பாலையும் நிற்கும் காடும் சுண்டிக்குளத்துப் பூநாரையும் அங்கே அரிதாகவே தலைகாட்டுகின்றன.

சுற்றியுள்ள இயற்கையிலிருந்து தமக்கென ஒரு தையல்முறையை ஆக்கிக்கொண்டவர்கள் நீலகிரித் தோடர் பெண்கள். ஏறத்தாழ 2,000 பேரே உள்ள சமூகம். வெளுக்காத பருத்திப் போர்வையான பூத்துக்குளியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கிறார்கள். சட்டம் கிடையாது, பென்சில் கோடும் கிடையாது. பாவு, ஊடை இழைகளை எண்ணியபடியே ஊசி நகர்கிறது. எருமைக் கொம்பு, தேனடை, மயிலிறகு, சூரியன் எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் கோணங்களாகிவிடுகின்றன. கண்ட பூவை அப்படியே பிரதி செய்யும் ஆசை அவர்களுக்கு இல்லை. அதனாலேயே எங்கே பார்த்தாலும் அது தோடர் வேலை என்று தெரிகிறது. இறந்தவரைப் போர்த்துவதும் பூத்துக்குளிதான். அழகுக்கு அப்பாலும் அதற்கு வேலை இருக்கிறது.

ஆனால் இழையெண்ணும் முறை வேலியும் ஆகிறது. வளைகோடு அதற்குள் எளிதில் வராது, நிறமும் பெருகாது. இதைவிடப் பெரிய சிக்கல் சந்தையில். போர்வைக்குப் பிறந்த கோலம் கைப்பைக்கும் மேசைவிரிப்புக்கும் துண்டாக வெட்டப்படுகிறது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது பெயரை. அந்தப் பெயரைப் போடாமல் கோலத்தை மட்டும் எடுக்கும் இயந்திரத்தை அதனால் தடுக்க முடிவதில்லை. நாட்கணக்கில் கண்ணைத் தேய்த்துச் செய்த துணி, போலியின் விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து இயங்கும் கலைஞர் ஹேமா ஷிரோனியின் வழி வேறு. 1991இல் பிறந்த இவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலும் பின்னர் லாகூரிலும் கலை பயின்றவர். துணியிலும் நூலிலும் இவர் தேடுவது வீட்டை, இடப்பெயர்வை, அடையாளத்தை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் கதையைச் சொல்லத் துணியை விடப் பொருத்தமான ஊடகம் அரிது, ஓடும்போது மூட்டையாகக் கட்டப்பட்டதும் அதுதானே. வீட்டு வேலையாகத் தள்ளிவைக்கப்பட்ட தையல் இவர் கையில் சாட்சியமாகிறது. இது பெரும் பலம். எனினும் காட்சிக்கூடத்துக்கென ஒருவர் ஆக்கும் படைப்பு, தையல் நிலையத்துப் பிள்ளைக்கு ஒரு தூண்டுதலாகலாமே தவிரப் பகிர்ந்து பழகும் மரபாகிவிடாது. தோடரிடம் இருப்பது அந்த மரபு, அவர்களுக்கு அரிதாகக் கிடைப்பது தனி ஆளின் பெயர்.

வன்னிக்கு இரண்டும் வேண்டும். ஒரு கவனமும் வேண்டும். இங்கே கார்த்திகைப்பூவைத் தைத்தால் அது வெறும் பூவாக நிற்காது, அரசியலும் துக்கமும் கூடவே வரும். அதற்கு அஞ்சி மறுபடி ரோஜாவுக்கே திரும்புவது தீர்வாகாது. பாலைப்பழமும் வீரை இலையும் குளக்கட்டும் இன்னும் தைக்கப்படக் காத்திருக்கின்றன.

தையல் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு ஒவ்வொரு மாணவியும் தன் ஊரில் கண்ட ஒன்றையாவது தானே வரைந்து தைக்கட்டும். துணியருகே அவளது பெயரையும் அதற்குச் செலவான மணித்தியாலங்களையும் எழுதி வையுங்கள். விலையை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.