சாவி யார் கையில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலைக்குக் கேட் பாஸ் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். லாரி வந்து நிற்கும். செக்யூரிட்டி தன் போனில் இ-வே பில்லின் க்யூஆர் குறியைப் படிக்க வேண்டும். எழுதியவரின் லேப்டாப்பில் கேமரா ஒழுங்காகத் திறக்கிறது. ஆலையின் வைஃபையில் 192.168.1.10 என்று தட்டி அதே பக்கத்தைப் போனில் திறந்தால் கேமரா வராது. நிரலில் பிழை தேடிப் பயனில்லை. கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் போன்றவற்றைப் பிரவுசர் எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குத்தான் தரும். லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. லேப்டாப்பில் ஓடியது அந்த விலக்கின் தயவில்.

ஆகவே ஒரே கணினிக்குள் நடக்கும் வேலைக்குப் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் சான்றிதழே வேண்டாம். சஃபாரியில் செக்யூர் குக்கீயைச் சோதிக்க வேண்டும், எச்டிடிபி/2 வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அந்தத் தேவை உண்டு. இரண்டாவது கருவி உள்ளே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எல்லோரும் முதலில் கை வைப்பது ஓப்பன்எஸ்எஸ்எல். ஒரே கட்டளையில் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ் தயார். 2017இல் வந்த குரோம் 58 முதல், சான்றிதழின் பொதுப்பெயர் பகுதியை அந்தப் பிரவுசர் பார்ப்பதில்லை. மாற்றுப்பெயர் பட்டியலில் முகவரி இருக்க வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இன்றும் இதில் தடுக்கி விழுகிறார்கள். அதைச் சரிசெய்தாலும் எச்சரிக்கைத் திரை போகாது. அதைத் தாண்டி உள்ளே போனாலும் குரோமில் சர்வீஸ் வொர்க்கர் பதிவாகாது. இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ‘சிவப்பா வந்தா கண்டுக்காதீங்க, அட்வான்ஸ்டு அமுக்கி உள்ள போங்க’ என்று கேட் ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் அதே போனில்தான் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார். இந்த வழியை யோசனையின்றி நிராகரிக்கலாம்.

ஃபிலிப்போ வால்சோர்டா எழுதிய எம்கேசெர்ட் நேர்த்தியான கருவி. கணினியில் சொந்தமாக ஒரு ரூட் சான்றிதழை நிறுவி, அதைக்கொண்டு மற்றவற்றில் கையெழுத்திடுகிறது. எச்சரிக்கைத் திரை வராது. தன் லேப்டாப், தன் போன் என்ற அளவில் இதை மிஞ்ச வேறில்லை. ஆனால் அந்த ரூட்டுக்குத் தள வரம்பு கிடையாது. அதன் ரகசியச் சாவி கிடைத்தவர் எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் அடிக்கலாம், ரூட்டை ஏற்ற போன்கள் நம்பும். பத்து ஊழியர்களின் போனில் அதை ஏற்றுவது, பத்துப் பேரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவைப்பதுதான்.

மிகையான அச்சம் என்பவர்கள் 2014 ஜூலையை நினைவுபடுத்திக்கொள்ளலாம். தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்தப் பிரிவுக்கு மேலே இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் அமைந்த சான்றளிப்பு ஆணையர் அலுவலகத்தின் ரூட். அதை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் வைத்திருந்ததால் விண்டோஸில் ஓடிய பெரும்பாலான நிரல்கள் ஏமாறக்கூடிய நிலை இருந்தது; தனிப்பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. அந்த ரூட்டைக் குறிப்பிட்ட சில இந்திய டொமைன்களுக்குள் கூகுள் அடக்கிவைத்தது. சட்டமும் தணிக்கையும் உள்ள அமைப்பிலேயே சாவி வழுக்கியது. மேலாளர் அறை லேப்டாப்பில் கிடக்கும் ரூட் சாவிக்குக் காவல் யார்?

மீதியிருப்பது அசல் டொமைனும், அதற்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டும். ஆலையின் சர்வரை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. டிஎன்எஸ்ஸில் லெட்ஸ் என்கிரிப்ட் கேட்கும் உரைப்பதிவைப் போட்டு டொமைன் நம்முடையது என்று நிரூபித்தால் சான்றிதழ் வரும். பெயரை 192.168.1.10க்குச் சுட்டினால் போதும், எந்தப் போனிலும் எதையும் நிறுவ வேண்டாம். செலவு ஆண்டுக்கு டொமைன் கட்டணம் மட்டும்.

குறைகளும் உண்டு. வாங்கும் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் பொதுப்பதிவேட்டில் ஏறும். உள்பெயர்கள் வெளித்தெரியக் கூடாதென்றால் வைல்டுகார்டு வாங்க வேண்டும். பொது டொமைன் ஒன்று உள்முகவரியைச் சுட்டுவதைச் சில ரவுட்டர்கள் சந்தேகித்துத் தடுக்கும். 2029 மார்ச்சுக்குள் பொதுச் சான்றிதழ்களின் ஆயுளை 47 நாளாகக் குறைப்பதென முடிவாகியிருப்பதால், கையால் புதுப்பிக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும்.

ஆனாலும் என் தீர்ப்பு இதன் பக்கமே. இங்கே சாவி தொலைந்தால் போவது கேட் பாஸ் டொமைன் ஒன்றுதான். அங்கே போவது ஊழியரின் வங்கிக் கணக்கு. எம்கேசெர்ட், நிரல் எழுதுபவரின் மேசையோடு நிற்கட்டும். செக்யூரிட்டியின் போன் வரும் நாளில் அசல் டொமைனுக்கு மாறிவிட வேண்டும். ஒரே நிபந்தனை: தானாகப் புதுப்பிக்கும் நிரலிடம் நிறுவனத்தின் முழு டிஎன்எஸ் கணக்கையும் ஒப்படைக்கக் கூடாது. மின்னஞ்சல் ஓடும் முதன்மை டொமைனைத் தொடாமல், இதற்கென்று தனியாக மலிவான டொமைன் ஒன்றை வாங்கி, அதன் அனுமதியை மட்டும் தந்தால் போதும்.