மூன்றில் இரண்டு பூஜ்யம்

கோவையில் பீளமேடு, தடாகம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். அங்கே ஃபூரியர் தொடர் படிக்கும் பிள்ளைகள் 'எக்ஸ் ஸ்கொயர் காஸ் என்எக்ஸ்' கணக்கைத் தொகையிடுவதைப் பார்க்க வேண்டும். பை பார்ட்ஸை இரண்டு முறை போட்டு, அடைப்புக்குள் அடைப்பு திறந்து மைனஸைத் தொலைக்கிற வேலையே கிடையாது. பெர்னோலி சூத்திரம், நம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருப்பதுதான். எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டுக்கொண்டே போனால் 2எக்ஸ், 2, அப்புறம் பூஜ்யம். காஸைத் தொகையிட்டுக்கொண்டே போனால் சைன், மைனஸ் காஸ், மைனஸ் சைன். படிக்கொரு 'என்' வகுத்தியில் சேரும். இணை இணையாகப் பெருக்கி, பிளஸ், மைனஸ், பிளஸ் என்று குறி மாற்றினால் மூன்றே உறுப்புகள். "குறியில கோட்டை உட்றாத கண்ணு" என்று வாத்தியார் எச்சரிப்பது இந்த இடத்தில்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்கு அடுத்தது. 'என்' முழு எண். பூஜ்யம் முதல் இரண்டு பை வரை எல்லை போட்டதும் இரு ஓரத்துச் சைன்களும் ஒரே அடியில் செத்துவிடும். நடு உறுப்பு மட்டும் மிஞ்சி, நான்கு பையை 'என்' ஸ்கொயரால் வகுத்த விடையாக நிற்கும்.

இதோடு ஒப்பிட்டால் ஐலேட் விதி வெறும் கைத்தடி. இன்வர்ஸ், லாகரிதம், அல்ஜிப்ரா, டிரிக்னாமெட்ரி, எக்ஸ்பொனென்ஷியல்: பை பார்ட்ஸில் எதை முதலில் 'யு' ஆக்குவது என்று சொல்லும், அவ்வளவே. எக்ஸ் க்யூபை, 'இ'யின் அடுக்கில் எக்ஸ் ஸ்கொயர் உள்ளதோடு பெருக்கிக் கொடுங்கள். விதிப்படி எக்ஸ் க்யூபை எடுத்தால் மிச்சத்தைத் தொகையிடவே முடியாது. ஓர் எக்ஸை அந்தப் பக்கம் தள்ளிவிடத் தெரிந்தவனுக்கே விடை.

ஆனால் குறுக்குவழிகளின் உச்சம் 1887இல் ஈரோட்டில் பிறந்தவருடையது. 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ராமானுஜன் எழுதிய காலாண்டு அறிக்கையில் அது இருக்கிறது. ஒரு சார்பை எக்ஸின் அடுக்குத் தொடராக, குறி மாறி மாறி, கீழே ஃபாக்டோரியலோடு விரித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சார்பை எக்ஸின் 'எஸ் மைனஸ் ஒன்று' அடுக்கால் பெருக்கி, பூஜ்யம் முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டுமா? தொடரில் மிஞ்சிய கெழுவில் வரிசை எண்ணுக்குப் பதிலாக மைனஸ் எஸ்ஸைப் போட்டு, காமா எஸ்ஸால் பெருக்கினால் விடை. தொகையிடல் என்ற வேலையே நடக்கவில்லை! கெழுவில் மைனஸைப் போட அவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கத்தான் தோன்றும். எந்தெந்தச் சார்புகளுக்கு அது செல்லும் என்று பிற்பாடு நிபந்தனை வகுத்து நிறுவியவர் கணித அறிஞர் ஹார்டி.