பவளப்பாறைக்குப் பாதுகாப்பான களிம்பா?

ஹவாய்த் தீவுகளின் கடற்கரைக் கடைகளில் வெயில் தடுப்புக் களிம்பு வாங்கப் போனால், 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்ற சொற்கள் பல டியூப்களின்மீது கண்ணில் படும். பக்கத்தில் ஒரு கடலாமைப் படமோ பச்சை இலையோ இருக்கும். அச்சொற்கள் எவ்வளவு தூரம் உண்மை? படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஆராய்ந்து பார்ப்போம்.

பவளப்பாறை வெறும் கல்லன்று. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் சுண்ணாம்பைக் கொண்டு கட்டிய வீடு அது. அவ்வுயிர்களின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, இடங்கொடுத்த பவளத்துக்கும் பங்கு தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இப்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். அந்நிலை நீடித்தால் பட்டினியால் இறந்தும் போகும்.

களிம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? புறஊதாக் கதிரைத் தடுப்பதற்காகப் பல களிம்புகளில் ஆக்ஸிபென்ஸோன் என்ற இரசாயனத்தைச் சேர்த்து வந்தார்கள். குளிப்பவர் உடம்பிலிருந்து அது கடலில் கரைகிறது. மிகச் சிறிய அளவிலும் அது பவளத்தின் இளம் உயிர்களை ஊனப்படுத்துகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 2018-இல் ஹவாய் மாநிலம் சட்டம் இயற்றியது. ஆக்ஸிபென்ஸோன் அல்லது ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2021 ஜனவரி 1 முதல் அது தடை செய்தது.

2022-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காரணத்தையும் விளக்கினார்கள். பவளத்தின் உறவினமான கடற்சாமந்தி, ஆக்ஸிபென்ஸோனைச் சர்க்கரையுடன் சேர்த்து வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அப்புதிய பொருளோ வெயில் பட்டதும் நஞ்சாக வேலை செய்கிறது. புறஊதாக் கதிர் படாமல் வைத்த உயிர்கள் பிழைத்தன. பட்டவை 17 நாட்களுக்குள் மடிந்தன. உள்ளே குடியிருக்கும் பாசிகள் இந்நஞ்சில் ஒரு பகுதியை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆகவே பாசியை இழந்து வெளுத்த உயிரே விரைவில் சாகிறது. எனினும் ஒன்றை மறக்கக்கூடாது. இச்சோதனையில் பயன்பட்ட அளவு, கடலில் வழக்கமாகக் காணப்படும் அளவைவிட மிக அதிகம்.

இனி விளம்பரத்துக்கு வருவோம். அதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எந்த இலக்கணமும் வகுக்கவில்லை. கம்பெனி இச்சொற்களை அச்சிடுமுன் பவளத்தின்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டாவது, பெரும்பாலும் அது டியூபில் இல்லாததைத்தான் சொல்கிறது. தடை செய்த இரண்டு பொருள்கள் இல்லை என்றால் போதும், முத்திரை விழுந்துவிடும். ஆனால் ஆக்டோக்ரைலீன் என்ற இன்னொரு பொருள் இருக்கலாம். பலாவு நாடு 2020 முதல் தடை செய்த பத்துப் பொருள்களில் அதுவும் ஒன்று. ஹவாயின் மாநிலச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஒரு நாட்டில் ஆகாதது இன்னொரு நாட்டில் பாதுகாப்பானது என்றால், அச்சொல்லுக்கு என்ன மதிப்பு?

மூன்றாவது, 'இயற்கைத் தாது' என்ற பெருமை. துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்புகள் இப்பெயரில் விற்பனையாகின்றன. தாது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. மேற்பூச்சு இல்லாத துத்தநாக ஆக்ஸைடுத் துகள்கள் பவளத்தைக் கடுமையாக வெளுக்கச் செய்ததை 2018-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. டைட்டேனியம் டையாக்ஸைடு அச்சோதனையில் அவ்வளவு தீங்கு செய்யவில்லை.

அப்படியானால் களிம்பையே விட்டுவிடலாமா? கூடாது. புறஊதாக் கதிர் தோல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. அதிலும் வெளுத்த நிறத்தோல் உடையவர்களுக்கு ஆபத்து அதிகம். மேலும், உலகெங்கும் பவளப்பாறைகளை வெளுக்கச் செய்யும் முதல் எதிரி களிம்பன்று, சூடேறிவரும் கடலே. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் வெப்பமே. டியூபை மாற்றியதும் பவளத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்மை நிம்மதியாகத் தூங்கவைப்பதே இவ்விளம்பரம் செய்யும் பெரிய தீமை.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆக்ஸிபென்ஸோனை நீக்கியது நல்ல காரியம், அதைப் பாராட்டலாம். 'பாதுகாப்பானது' என்ற சொல்லை மட்டும் ஏற்பதற்கில்லை. பவளக் கடலில் இறங்குபவர் முழுக்கைச் சட்டை அணிந்து, வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும் களிம்பு பூசினால், கடலில் கரையும் அளவு வெகுவாகக் குறையும். அடுத்த முறை டியூபைக் கையில் எடுக்கும்போது முன்பக்கத்து ஆமையைப் பாராதீர்கள். திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள்.